விபத்துக்கும் கணக்கு உண்டு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. புள்ளியியல்)

"விபத்தெல்லாம் தலைவிதி. அதைப் போய்க் கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமாடா?" என்று லாரி ஓட்டும் என் தந்தை கேட்டார். வகுப்பில் பாய்சான் பரவல் நடந்துகொண்டிருந்த வாரம் அது.

நாளை எந்த வண்டி மோதும் என்று எந்தக் கணக்காலும் கூற இயலாது. எந்த மைலில் ஆண்டுக்கு எத்தனை மோதல்களை எதிர்பார்க்கலாம் என்று கூற இயலும். கலிபோர்னியாவின் விரைவுச் சாலைகளைப் பாருங்கள். இருவரோ மூவரோ சேர்ந்து வரும் கார்களுக்கென்று அங்கே இடக்கோடியில் தனித் தடம் உண்டு. 1995-இல் ஆரஞ்சு மாவட்டத்து 91-ஆம் எண் சாலையில், கட்டணம் செலுத்துவோருக்கான தடங்களும் திறக்கப்பட்டன.

ஆபத்து வேக வேறுபாட்டில் இருக்கிறது. பக்கத்துத் தடத்தில் வண்டிகள் ஊர்கின்றன. தனித் தடத்திலோ பறக்கின்றன. ஊர்கின்ற வண்டி பொறுமையிழந்து உள்ளே திரும்பினால், பின்னால் வருபவர் என்ன செய்வார்? 1976 மார்ச்சில் லாஸ் ஏஞ்சல்ஸின் சாண்டா மோனிகா சாலையில், எல்லாரும் சென்றுகொண்டிருந்த தடம் ஒன்றையே இவ்வாறு ஒதுக்கினார்கள். நெரிசலோடு விபத்துகளும் கூடின. ஆகஸ்டில் நீதிமன்றம் அதை நிறுத்தியது.

வாகன எண்ணிக்கை, வேக வேறுபாடு, தடத்தின் அகலம், நுழைவாயில்களின் இடைவெளி முதலியவற்றைக் கொண்டு ஒரு மைலின் சராசரியைக் காண்கிறார்கள். அது ஆண்டுக்கு 2 என்று வைத்துக்கொள்வோம். பாய்சான் விதிப்படி, ஒரு விபத்தும் நேராதிருக்கும் நிகழ்தகவு 0.135. ஒரே அளவு ஆபத்துள்ள 100 மைல்களில் சுமார் 13 மைல்கள் அவ்வாண்டு தற்செயலாகவே தப்பிவிடும்! அவற்றைப் பாதுகாப்பானவை என்று எண்ணினால் ஏமாறுவோம். உண்மைச் சாலைகளில் பரவற்படி சராசரியைவிட மிகுதியாக இருப்பதால், எதிர்மறை ஈருறுப்புப் பரவலையே பெரிதும் கையாளுகிறார்கள். (நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்து மறந்துவிடும் அதே பரவல்தான்.)

இரட்டைக் கோடிட்டு, குறிப்பிட்ட வாயில்களில் மட்டும் நுழைய விட்டால் விபத்து குறையும் என்றே நானும் நினைத்தேன். பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட முடிவு வேறு. எங்கும் நுழையக்கூடிய தடங்களைவிட வாயில் வைத்த தடங்கள் பாதுகாப்பானவையாக இல்லை.

இதைத் தந்தையிடம் கூறினேன். முடிக்கவே விடவில்லை.

"வாயில் வைத்தால் எல்லாரும் அங்கேதானே முண்டுவார்கள்? உள்ளே புகுவதற்கு எத்தனை அடி நீளம் விட்டிருக்கிறான், அதைச் சொல்."

அந்த நீளமும் சூத்திரத்தில் ஒரு மாறிதான்.