கிண்டியில் மூவர்

மே மாதம் வந்துவிட்டால் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரே வாதம் எழுகிறது. மேனிலைத் தேர்வில் கணக்கிலும் இயற்பியலிலும் நல்ல மதிப்பெண் பெற்ற மகள் பொறியியல் பயில விழைகிறாள். “பெண் பிள்ளைக்கு இயந்திரத்தோடு என்ன வேலை? ஆசிரியப் பயிற்சி போதாதா?” என்கிறார் பாட்டியார். தந்தையோ எப்பக்கமும் பேசாது செய்தித்தாளை விரித்துக்கொள்கிறார். அத்தந்தையை மனத்திற்கொண்டே இவ்வரலாற்றை எழுத முற்பட்டோம்.

சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரி 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றியது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அங்கு மாணவி என ஒருவரும் இருந்ததில்லை. அக்கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியராக விளங்கியவர் பப்பு சுப்பா ராவ். அவருடைய மகள் லலிதா 1919-இல் பிறந்தவர். 15 வயதில் திருமணம். 18 வயதில் கணவரை இழந்தார். அப்போது கையிலிருந்த பெண் குழந்தைக்கு நான்கே திங்கள்.

அந்நாளில் இளங்கைம்பெண்ணுக்கு உலகம் ஒதுக்கி வைத்தது வீட்டின் ஒரு மூலையை மட்டுமே. லலிதா அந்த மூலையை ஏற்கவில்லை. இராணி மேரிக் கல்லூரியில் இடைநிலை வகுப்பில் சேர்ந்து முதல் வகுப்பில் தேறினார். மருத்துவம் பயிலலாமே என்று எவர்க்கும் தோன்றும். ஆனால் நள்ளிரவில் அழைப்பு வந்தால் குழந்தையைத் தனியே விட்டு ஓடவேண்டியிருக்கும் என அத்தாய் தயங்கினார். தந்தையின் துறையே தக்கதெனப்பட்டது. சுப்பா ராவ் கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவை அணுகினார். பொதுக் கல்வி இயக்குநரும் இசைவளிக்க, 1940-இல் லலிதா கிண்டியில் சேர்ந்தார்.

நூற்றுக்கணக்கான ஆண்களிடையே ஒரே பெண். தனி விடுதி, குழந்தை உறவினர் பொறுப்பில், வார இறுதியில்தான் அதன் முகம் காண இயலும். தனிமை வாட்டியது. இவ்விடத்தில் சுப்பா ராவ் செய்ததுதான் நம்மை வியக்க வைக்கிறது. மகளைப் படிப்பை விட்டு அழைத்து வந்தாரல்லர். கல்லூரியில் பெண்களும் சேரலாமென்று விளம்பரம் செய்வித்தார்! அதன் பயனாய் அடுத்த ஆண்டு இருவர் கட்டடப் பொறியியலில் சேர்ந்தனர். ஒருவர் லீலாம்மா ஜார்ஜ். மற்றவர் திருச்சூரை அடுத்த எடத்திருத்தியைச் சார்ந்த சிரியன் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண் பி. கே. திரேசியா.

போர்க்காலமாதலின் பாடக்காலம் குறுகியது. மூவரும் ஒன்றாகவே பட்டம் பெற்றனர். அச்சிட்ட பட்டத்தாளில் ‘அவன்’ என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லே இருந்தது. அதனை அடித்து, ‘அவள்’ என்று மாற்றித் தந்தார்களாம்.

திரேசியா கொச்சிப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். முளங்குன்னத்துக்காவு காசநோய் மருத்துவ நிலையக் கட்டடப் பணியில் உதவிப் பொறியாளராய் இருந்தார். 1971-இல் கேரளத்தின் தலைமைப் பொறியாளரானார்; இந்தியாவில் அப்பதவி பெற்ற முதற் பெண் அவரே. சாலைகளும் பாலங்களும் அவர் கண்காணிப்பில் எழுந்தன.

லலிதாவின் வழி வேறு. ஜமால்பூர் இரயில்வே பட்டறையில் ஓராண்டு பயிற்சி பெற்றார். பின்னர் சிம்லாவில் அரசுப் பணி. சிறிது காலம் தந்தையோடு ஆராய்ச்சி. 1948-இல் கல்கத்தாவில் ஆங்கிலேய மின்பொருள் நிறுவனமொன்றில் அமர்ந்தார். அவ்வூரில் உடன்பிறந்தார் குடும்பம் இருந்தது; அண்ணியார் குழந்தையைப் பேணினார். எங்கே ஊதியம் மிகுதி என்று பாராமல், எங்கே குழந்தைக்கு ஆள் உண்டு என்று பார்த்தே அவர் ஊரைத் தேர்ந்தார் போலும்! பணிக்குச் செல்லும் தாய்மார் இதனை நன்குணர்வர். அண்ணியாரின் பெயரை எந்தப் பட்டத்தாளும் தாங்கவில்லை. எனினும் அவரின்றி இவ்வரலாறு இல்லை.

மின்கடத்து தடங்களையும் துணை மின்நிலையங்களையும் வரைந்து திட்டமிடுவதே லலிதாவின் அன்றாடப் பணி. பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கப் பணியிலும் அவர்க்குப் பங்குண்டு. 1964-இல் நியூயார்க்கில் உலகப் பெண் பொறியாளர், அறிவியலாளரின் முதல் மாநாடு கூடியது. இந்தியாவில் அத்தகைய அமைப்பு அப்போது இல்லாமையால், லலிதா தம் சொந்தப் பொறுப்பிலேயே சென்று கலந்துகொண்டார். 1977-இல் ஓய்வு பெற்று, ஈராண்டில், தம் 60-ஆம் வயதில் மறைந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. மகள் கல்வி பெற்று, மணமுடித்து, தன் தாயின் கதையைப் பிறர்க்குச் சொல்ல வாழ்ந்திருந்தார்.