இரண்டு ஜன்னல்கள், ஒரே பார்வை

கம்ப்யூட்டரில் இரண்டு கணக்குகளை ஒப்பிட வேண்டுமானால், நம்மில் பலர் ஒன்றைத் திறந்து எண்ணை மனத்தில் வாங்கிக்கொண்டு, அதை மூடிவிட்டு மற்றதைத் திறக்கிறோம். அறுபதைத் தாண்டிய பிறகு அந்த எண் நடுவழியிலேயே இறங்கிவிடுகிறது! இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவதே நல்ல வழி.

1985-இல் வெளியான முதல் விண்டோஸில் பயன்பாட்டு ஜன்னல்கள் ஒன்றின்மேல் ஒன்று படியாது. தரையில் பதித்த ஓடுகள் போல அடுத்தடுத்துத்தான் நிற்கும். ஒன்றை மற்றொன்று மறைக்கும் வசதி 1987-இல் இரண்டாம் பதிப்பில் வந்தது. 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதல், விண்டோஸ் விசையுடன் இடது அல்லது வலது அம்புக்குறியை அழுத்தினால் ஜன்னல் பாதித் திரைக்கு ஒதுங்கிக்கொள்கிறது. எப்போதாவது பார்க்க இது போதும். மாதந்தோறும் அதே ஜன்னல்களை அதே இடத்தில் நிறுத்த ஒரு சிறு புரோகிராம் எழுதிக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டருக்கு ஜன்னலின் இடமும் அளவும் நான்கு எண்கள்தான்: இடது ஓரம், மேல் ஓரம், அகலம், உயரம். மேல் இடது மூலை பூஜ்யம். கீழே வர வர எண் கூடும். 1920-க்கு 1080 புள்ளிகள் உள்ள திரையை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் 11-இல் எழுத்துகளைப் பெரிதாக்காமல் வைத்திருந்தால் அடிப்பட்டைக்கு 48 புள்ளிகள் போகும். மீதி உயரம் 1032. ஆகவே இடது ஜன்னலுக்கு 0, 0, 960, 1032. வலது ஜன்னலுக்கு 960, 0, 960, 1032.

புரோகிராமில் மூன்றே படிகள். 'ஃபைண்ட்விண்டோ' தலைப்பைக் கொண்டு ஜன்னலைத் தேடும். திரை முழுக்க விரிந்திருந்தால் 'ஷோவிண்டோ' அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும். பிறகு 'மூவ்விண்டோ'விடம் நான்கு எண்களையும் கொடுத்தால் வேலை முடிந்தது. பைத்தான், சி என எந்த மொழியிலிருந்தும் இவற்றை அழைக்கலாம்.

ஓடவிட்டுப் பார்த்தால் நடுவே ஒரு சந்து தெரியும். தண்டவாள இணைப்பில் வெயிலுக்காக நாங்களே இடைவெளி விடுவோம். இங்கே விடாமலே வருகிறது! விண்டோஸ் 10, 11 ஜன்னல்களின் இடது, வலது, கீழ் ஓரங்களில் கண்ணுக்குத் தெரியாத சுமார் 7 புள்ளி விளிம்பு உண்டு. இடது ஜன்னலை -7-லிலும் வலது ஜன்னலை 953-இலும் தொடங்கி, இரண்டுக்கும் அகலம் 974, உயரம் 1039 என்று கொடுத்தால் சந்து மறையும்.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு அம்மாளின் குடும்ப ஓய்வூதியம் திடீரென்று குறைந்தது. ஓய்வூதிய ஆணையை இடப்பக்கமும் வங்கிக் கணக்கை வலப்பக்கமும் நிறுத்திப் பார்த்தோம். 50 சதவீதம் எந்தத் தேதிவரை என்று ஆணையில் தெளிவாக இருந்தது. அதற்கு 11 மாதம் முன்பே 30 சதவீதத்துக்கு இறக்கியிருந்தார்கள். அந்தத் திரையை அப்படியே அச்செடுத்து மனுவோடு இணைத்தோம். நிலுவை முழுவதும் வந்து சேர்ந்தது.

உங்கள் வீட்டு ஆணையையும் வங்கிக் கணக்கையும் ஒருமுறை இப்படி நிறுத்திப் பாருங்கள். புரோகிராம் எழுத வராதவர்களுக்கு அந்த அம்புக்குறி விசையே போதும்.