எங்கட ௵ எங்கே போனது?

உங்கள் கைத்தொலைபேசியில் இமோஜிப் பலகையைத் திறந்து, குறியீடுகள் இருக்கும் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். வட்டத்துக்குள்ளும் சதுரத்துக்குள்ளும் அடைத்த சில எழுத்துகள் தெரியும். 'சைனீஸ்' என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம். உண்மையில் அவை யப்பானியக் கடைத்தெருவின் அறிவிப்புகள். ஒன்று 'வாழ்த்து', இன்னொன்று 'இரகசியம்'. 'இடம் இல்லை', 'விலைக்கழிவு', 'இலவசம்', 'கடை திறந்திருக்கிறது' என்று மற்றவை.

யப்பானில் ஒரு சொல்லுக்குரிய எழுத்தை வட்டமிட்டுவிட்டால் அது முத்திரை மாதிரி. 'வாழ்த்து', 'இரகசியம்' என்ற இரண்டும் 1990களின் தொடக்கத்திலேயே யூனிகோட்டில் இடம்பிடித்தன. மற்றவை பலவும் யப்பானியத் தொலைபேசி நிறுவனங்களின் இமோஜிகளோடு 2010இல் யூனிகோட் 6.0 வழியாக வந்தன. அதனால்தான் ஸ்காபரோவில் பள்ளிக்கூடம் போகும் எங்கட பிள்ளையின் போனிலும் யப்பானிய வாகனத் தரிப்பிடத்தின் 'நிரம்பிவிட்டது' அறிவிப்பு இருக்கிறது.

ஒரு குறியீட்டுக்கு எண் கிடைத்தால் மட்டும் போதாது, திரையில் அது தெரியவும் வேண்டும். அந்த 'வாழ்த்து' முத்திரை ஓரிடத்தில் கறுப்பு எழுத்தாகவும், வேறோரிடத்தில் வண்ணப் படமாகவும் வரும். அதன் பின்னால் வரும், கண்ணுக்குத் தெரியாத ஒரு தெரிவுக்குறிதான் எது வேண்டும் என்று சொல்கிறது. எழுத்துருவில் அந்த உருவமே இல்லாவிட்டால் வெறும் பெட்டிதான் தெரியும். கணினிக்காரர் அந்தப் பெட்டியை 'டோஃபு' என்பார்கள். கூகிள் தன் எழுத்துருவுக்கு நோட்டோ என்று பெயர் வைத்ததும் 'இனி டோஃபு இல்லை' என்ற பொருளில்தான்.

இனி எங்கட கதைக்கு வருவோம். ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய், ௺ எண். இந்த எட்டும் 2003இல், யூனிகோட் 4.0இல் சேர்ந்துவிட்டன. 2019 மார்ச்சில் வந்த 12.0 பதிப்பு தமிழுக்கு இன்னும் 51 எழுத்துகளைக் கொடுத்தது. 320இல் ஒரு பங்கான முந்திரி முதல் பதக்கு, குறுணி, வராகன், குழி, வேலி வரை அதில் இருக்கின்றன.

அதே 2019 மே மாதம் யூனிகோட் 12.1 வந்தது. அதில் சேர்ந்தது ஒரேயொரு எழுத்து. யப்பானில் புதுச் சக்கரவர்த்தியோடு மே 1ஆம் திகதி தொடங்கிய 'ரெய்வா' யுகத்தின் பெயரை ஒரே சதுரத்துக்குள் அடைத்த குறி அது. அந்தப் பெயர் அறிவிக்கப்படுவதற்கு முன்பே அதற்கான இடத்தை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அரசாங்கப் படிவத்திலும் கணக்குப் புத்தகத்திலும் யுகப் பெயர் தேவைப்பட்டது, அதனால் மென்பொருள் நிறுவனங்களும் ஓடி ஓடிப் புதுப்பித்தன.

எங்களுக்கு 51, அவர்களுக்கு 1. அந்த ஒன்று புழக்கத்துக்கு வந்தது. எங்கட 51இல் ஒன்றையாவது நீங்கள் ஒருமுறை அடித்ததுண்டா?

இதெல்லாம் பழங்கணக்கு, பிள்ளைகள் முதலில் தமிழ் கதைக்கட்டும் என்று சிலர் சொல்லக்கூடும். நியாயமான பேச்சுத்தான். முந்திரியையும் பதக்கையும் பிள்ளைகள் பாடமாக்க வேண்டுமென்று நானும் கேட்கவில்லை. ஆனால் அண்மையில் என் பெறாமகள் தன் அப்பப்பாவின் சாதகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இதென்ன லோகோவா?" என்று கேட்டாள். அவள் காட்டியது ௵. தமிழ் வாசிக்கத் தெரிந்த பிள்ளைதான். 'விரோதி ௵ ஆடி ௴ 7 ௳' என்ற வரியில் மூன்று இடத்தில் தடக்குப்பட்டு நின்றாள். அது அவளுடைய அப்பப்பா பிறந்த நாள், 1949 யூலை.

தமிழ் வருடப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 1949க்குப் பிறகு வந்த விரோதி வருடம் 2009 சித்திரையில் தொடங்கியது. முள்ளிவாய்க்காலும், அந்த மே மாதம் ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் எங்கட சனம் இறங்கி நின்றதும் அந்த விரோதி ௵இல்தான். அந்த ஐப்பசியில்தான் இவளும் பிறந்தாள். அதைச் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் போனில் ௵ஐத் தேடியெடுத்துக் கூட்டாளிமாருக்கு அனுப்பினாள்.

ஒரு குறி உயிரோடிருக்க அதுதான் வழி. யப்பானியர் தங்கள் முத்திரைகளை மரபு விழாவில் வைத்துக் காப்பாற்றவில்லை. கடைக் கதவில் ஒட்டினார்கள், விலைச்சீட்டில் போட்டார்கள். சீனர் 'நல்வாய்ப்பு' எழுத்தைப் புதுவருடத்துக்கு வாசலில் ஒட்டுகிறார்கள். வட்டமிட்ட அந்த மங்கலக் குறிகளும் 2017இல் யூனிகோட்டுக்கு வந்துவிட்டன. முதலில் புழக்கம், பிறகுதான் எண். எங்களிடம் எண் இருக்கிறது, புழக்கம்தான் இல்லை.

எட்டும் வேண்டாம், மூன்று போதும்: ௳, ௴, ௵. தமிழ்நாட்டுக் கலியாண அழைப்பிதழ்களில் இவை இன்னும் வருகின்றன. ரொறன்ரோவில் கார்ட் அடிக்கும்போது அச்சகத்தாரிடம் நாங்களும் கேட்கலாம். அச்சடிக்கும் முன் எழுத்துரு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் மணமக்களின் பெயருக்குக் கீழே டோஃபுதான் இருக்கும். போனின் அமைப்புகளில் 'வவ' என்று அடித்தால் ௵ வரும்படி ஒருமுறை பதிந்து வைக்கலாம். ஒன்ராறியோ 2014இலும் கனடா நாடாளுமன்றம் 2016இலும் ஏற்றுக்கொண்ட தமிழ் மரபுத் திங்கள் ஒவ்வொரு தை மாதமும் வருகிறது. அந்தச் சுவரொட்டிகளில் 'திங்கள்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு ௴ போட்டால் செலவு ஒரு சதமும் இல்லை. பார்க்கிற பிள்ளை "இதென்ன?" என்று கேட்கும். பதில் சொல்ல வீட்டில் யாராவது இருந்தால் சரி.