இல்லத்தில் எறும்புத் தொல்லை

இரவில் மூடிவைத்த சீனிப் பேணியைக் காலையில் திறந்ததும், உள்ளே கருநிறக் கோடொன்று அசைவதைக் காணாத இல்லத்தரசி இந்நாட்டில் இருத்தல் அரிது. பனங்கட்டிக் குட்டானாயினும், குழந்தைக்குக் கரைத்துவைத்த பாலாயினும், பலகாரம் பொரித்து இறக்கிய தாச்சியாயினும் எறும்பு அறியாவண்ணம் ஒளித்துவைக்க ஓரிடம் அடுக்களையில் இல்லை. கண்டவுடன் செய்வது யாது? தும்புத்தடியாற் கூட்டித் தள்ளுவர், கொதிநீர் ஊற்றுவர், சிலர் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைப்பர். அன்று மாலை அமைதி நிலவும். மறுநாட் காலை அதே இடத்தில் அதே ஊர்வலம் தொடங்கிவிடும். இத்தனை கொன்றும் தொகை குறையவில்லையே என்று வியப்பவர் பலர். எறும்பின் குடிவாழ்க்கையைச் சிறிது அறிந்தவர்க்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

எறும்பு தனித்து வாழும் உயிரன்று. கூடே அதன் உண்மையான உடல் எனலாம். ஒரு கூட்டில் முட்டையிடும் இராணி ஒன்றோ பலவோ இருக்கும். உணவு தேடுதல், குஞ்சுகளைப் பேணுதல், கூட்டைக் காத்தல் ஆகிய வேலைகள் யாவற்றையும் செய்வன சிறகில்லாத பெண் எறும்புகளே. அவற்றுள்ளும் இளையவை கூட்டினுள்ளே தங்கிவிட, முதிர்ந்தவையே வெளியே அனுப்பப்படுகின்றன. ஆகவே, சீனிப் பேணியிற் காணப்படுவன தம் வாழ்நாளின் இறுதிப் பகுதியில் உள்ளவை; கூட்டின் தொகையில் அவை சிறுபங்கே. அவற்றைக் கொன்றால் அடுத்த வரிசை புறப்பட்டு வரும். இராணியோ சுவர் வெடிப்பிலோ, நிலத்தின் கீழோ, பூச்சாடியின் அடியிலோ பாதுகாப்பாக இருக்கும். ஐரோப்பியக் கறுப்பெறும்பு ஒன்றின் இராணி, ஆராய்ச்சியாளர் ஒருவரின் வளர்ப்பில் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது என்பர். அத்தகைய ஆயுள் படைத்த ஒன்றைத் தும்புத்தடி என்ன செய்யும்?

இனி, இருளிலும் இவை வழி தவறாது வருவது எவ்வாறு? எறும்பூரக் கல்லுந் தேயும் என்பது பழமொழி. கல் தேய்கிறதோ இல்லையோ, எறும்பு ஊர்ந்த இடத்தில் ஒரு தடம் நிலைத்திருத்தல் உண்மை. அது கண்ணுக்குப் புலனாகாத மணத் தடம். உணவைக் கண்ட எறும்பு கூட்டுக்குத் திரும்பும்போது தன் வயிற்றின் நுனியை நிலத்திலே தொட்டுத் தொட்டு, ஒருவகைச் சுரப்பு நீரை இட்டுச் செல்கிறது. அதனை மோந்து வரும் ஏனையவையும் உணவைக் கண்டபின் அவ்வாறே இட, வழி மேலும் மேலும் வலுப்பெறும். உணவு தீர்ந்தால் இடுவதும் நிற்கும். தடம் தானே மறையும். அமெரிக்க விலங்கியலறிஞர் எட்வேட் வில்சன் நெருப்பெறும்புகளில் இந்நீர் எச்சுரப்பியிலிருந்து வருகிறது என்பதைக் கண்டறிந்து 1962ஆம் ஆண்டில் விரிவாக எழுதினார். அவர் இலங்கைக்குப் புதியவர் அல்லர். இத்தீவிலன்றி வேறெங்கும் காணப்படாத, மிகப் பழைய குலத்தின் எஞ்சிய ஒரே இனமான எறும்பொன்றைத் தேடி 1955இல் இங்கு வந்து, இரத்தினபுரிப் பகுதிக் காட்டில் அதைக் கண்டு மகிழ்ந்தவர் அவர். அடுக்களை எறும்பை வெறுப்போரும், அயல்நாட்டார் கடல் கடந்து தேடிவந்த எறும்பு ஒன்று இந்நாட்டில் உண்டு என்பதை அறிந்திருத்தல் தகும்.

மணத் தடம் இருப்பதைச் சிறுவரும் சோதித்தறியலாம். வரிசையாகச் செல்லும் எறும்புகளின் குறுக்கே விரலால் ஒருமுறை அழுத்தித் தேய்த்தாற் போதும். அவ்விடம் வந்ததும் அவை திகைத்து இருபுறமும் அலையும். இதிலிருந்து பெறப்படும் பயன் பெரிது. எறும்பைக் கூட்டுவதோடு நில்லாது, அது வந்த பாதையைச் சவர்க்கார நீராலோ வினாகிரி கலந்த நீராலோ நன்கு துடைத்தல் வேண்டும். வெறுந் தும்புத்தடி எறும்பை நீக்கும், தடத்தை நீக்காது.

துடைக்குமுன் இன்னொரு வேலை உண்டு. வரிசையைப் பின்தொடர்ந்து அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தல் வேண்டும். இதற்குப் பொறுமை தேவை. பெரும்பாலோரிடம் குறைவாக உள்ளதும் அதுவே. கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெடிப்பு, நீர்க்குழாய் நுழையும் துவாரம், சன்னலைத் தொடும் மரக்கிளை ஆகியவை வழக்கமான வாயில்கள். அவற்றைச் சாந்தாற் பூசியும் கிளையைத் தறித்தும் அடைத்துவிடலாம். மாரி தொடங்கி நிலத்திற் கூடுகள் நனையும்போதும், கடுங்கோடையில் நீர் தேடும்போதும் எறும்புகள் வீட்டினுள் மிகுதியாக வரும் என்பதை மனத்திற் கொண்டு, அக்காலங்களுக்கு முன்னரே இவ்வேலையை முடித்தல் நன்று. சீனி, மா, பால்மா ஆகியவற்றை இறுக மூடும் போத்தல்களில் வைத்தலும், எச்சிற் கோப்பைகளை இரவில் கழுவாது விடாமையும் எல்லாரும் அறிந்தவையே, விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆனால், எல்லாரும் அறிந்த வேறொரு முறையைப் பற்றி எச்சரித்தே ஆகவேண்டும். உணவு அலுமாரியின் நான்கு கால்களையும் நீர் நிரப்பிய கிண்ணங்களில் நிறுத்துதல் நம் பாட்டிமார் காலத்து வழக்கம். எறும்பு நீரைக் கடவாது, முறை நல்லதே. எனினும், எறும்பைத் தடுத்த அந்நீரிலேயே டெங்கு நோயைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு முட்டையிடுகிறது. தூய நீர் தேங்கிய, நிழல் பொருந்திய சிறு கலமே அதற்கு உவப்பானது. அலுமாரிக்கு அடியிலுள்ள கிண்ணத்திலும் வசதியான இடம் அதற்கு வேறில்லை. 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் டெங்குக் காய்ச்சலென ஐயுறப்பட்டோர் தொகை 1,86,000ஐ விஞ்சியது. பல நூற்றுவர் உயிரிழந்தனர். எறும்பு தின்றது ஒரு பிடி சீனி. நுளம்பு கொண்டுசெல்வதோ பிள்ளையின் உயிராக இருக்கலாம். முட்டை நுளம்பாவதற்கு ஒரு வாரமளவே போதுமாதலின், வாரத்துக்கு ஒரு முறையேனும் அந்நீரைக் கொட்டிக் கிண்ணத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது. விளிம்பில் ஒட்டிய முட்டைகள் உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். நீரிற் சிறிது உப்பிட்டால் போதும் என்று நம்புவோரும் உளர். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அண்மை ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள், இந்நுளம்பின் குடம்பிகள் உவர் நீரிலும் வளர்வதைக் காட்டியுள்ளன. இவ்வளவு கவனஞ் செலுத்த இயலாதவர்கள் கிண்ணங்களை அகற்றிவிட்டு, அலுமாரிக் கால்களிற் கிறீசைத் தடித்த வளையமாகப் பூசிக்கொள்வதே மேல். தூசி படிந்ததும் அதனைத் துடைத்துப் புதிதாகப் பூசல் வேண்டும்.

நஞ்சு தூவுவோர்க்கும் ஒரு சொல். மலேரியாவை ஒழிக்க 1940களில் இந்நாட்டு வீட்டுச் சுவர்களிலெல்லாம் டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. 1963இல் மலேரியா நோயாளர் தொகை பதினேழாகக் குறைந்தமைக்கு அது பெரிதும் உதவியது. ஆயினும், பின்னர் நுளம்புகள் அதற்கு எதிர்ப்பாற்றல் பெற்றன. நோயும் மீண்டும் பெருகியது. 2001இற் செய்யப்பட்ட ஸ்டொக்கோம் உடன்படிக்கை அம்மருந்தை நோய் பரப்பும் பூச்சிகளுக்கெதிராகவன்றிப் பிறவற்றுக்குப் பயன்படுத்துவதைத் தடுத்துவிட்டது. இன்று பயன்படும் தெளிமருந்துகளும் அடுக்களைக்கு உகந்தவையல்ல. பல இராணிகளையுடைய சிற்றெறும்பு இனங்கள் சில, மருந்தடித்துக் கலைத்தால் பல கூடுகளாகப் பிரிந்து வேறு வேறு அறைகளிற் குடியேறும் இயல்புடையவை. ஒரு கூடு இருந்த வீட்டில் நான்கு கூடு தோன்றுவதற்கு இதுவே காரணம். சோக்குக்கட்டி வடிவில் விற்கப்படும் எறும்பு மருந்தோ மிகவும் இடர் தருவது. எழுதப் பழகும் பிள்ளை அதனைச் சோக்கு என்றே எடுக்கும், எழுதும், வாயிலும் வைக்கும். பிள்ளைகள் உள்ள வீட்டில் அதற்கு இடமில்லை.

அப்படியாயின் இராணியை அணுகுவது எவ்வாறு? எறும்பின் பழக்கத்தையே துணைக்கொள்ளலாம். வேலைக்கார எறும்பு திண்பொருளை விழுங்க இயலாதது. நீரான உணவையே உட்கொள்ளும். உட்கொண்டதைத் தான் மட்டும் செரிப்பதில்லை. கூட்டிலுள்ளவற்றுக்கும் வாயோடு வாய் வைத்து ஊட்டுகிறது. அந்த ஊட்டலில் இராணிக்கும் பங்குண்டு. எனவே, மெல்லக் கொல்லும் நஞ்சை இனிப்பிற் கலந்து வைத்தால் எறும்பே அதனைச் சுமந்து செல்லும். அரை லீற்றர் இளஞ்சூட்டு நீரில் 50 கிராம் சீனியையும், மருந்துக்கடையில் வாங்கும் போரிக்கமிலத் தூள் 5 கிராமையும் கரைத்து, பஞ்சிலே தோய்த்து, போத்தல் மூடியில் இட்டு எறும்பு வழியில் வைக்க வேண்டும். மிகுதியாகப் போட்டால் விரைந்து பலன் கிட்டுமென்று எண்ணுவது தவறு. நூற்றுக்கு ஒன்று என்ற அளவை மீறினால், எறும்பு ஒன்றில் உண்ண மறுக்கும், அல்லது பிறவற்றுக்கு ஊட்டுமுன் வழியிலேயே மடியும்.

முதல் நாள் எறும்புகள் முன்னிலும் பன்மடங்காகத் திரளும். அதைக் கண்டு அஞ்சிக் கொதிநீரை எடுத்தால் முயற்சி வீணாகும். அவற்றைத் தடுக்காமலும், அவ்வழியைத் துடைக்காமலும் விடுதல் வேண்டும். பிற உணவு எதுவும் வெளியே கிடைக்காதவாறு மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பஞ்சு காய்ந்தால் புதிதாக வைத்து, ஓரிரு வாரங்கள் தொடர்தல் வேண்டும். இனிப்பை நாடாது எண்ணெயும் இறைச்சியும் தேடும் எறும்புகள் இதனைத் தீண்டாமற் போகலாம்.

போரிக்கமிலம் ஒருகாலத்திற் குழந்தைகளின் உடலிற் பூசும் மாக்களிலும் சேர்க்கப்பட்டது. புண்பட்ட தோல் வழியாகவும் அது உடலிற் சேர்ந்து தீங்கு செய்யும் என்று கண்டபின் கைவிடப்பட்டது. ஆகவே, கரைசல் உள்ள போத்தலில் நஞ்சு என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, பிள்ளைகளுக்கும் பூனை நாய்களுக்கும் எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும். பானப் போத்தல்களில் அதனை ஊற்றிவைத்தல் கூடவே கூடாது. மூடிகளையும் அலுமாரியின் பின்புறம் போன்ற மறைவிடங்களிலே வைத்து, வேலை முடிந்ததும் எண்ணி எடுத்து எறிய வேண்டும்.

இவையெல்லாம் வீட்டினுள் நுழையும் எறும்புகளுக்கே உரியன. வளவிலுள்ள மாமரத்தில் இலைகளைப் பின்னிக் கூடுகட்டும் முசுறைப் பந்தங்கொளுத்தி அழிப்போர் உளர். கடி பொல்லாததுதான், ஆயினும், அம்மரத்து மாங்காயைக் கெடுக்கவரும் பூச்சிகளைப் பிடித்துத் தின்பது அதுவே. மாங்காய் பறிக்கும் நாளில் அக்கொப்பை மட்டும் விட்டுவிடலாம்.