தலைமையகத்துக்குப் போட்டியிட்ட நகரங்கள்

பெருநிறுவனம் ஒன்று தலைமையகம் அமைக்கும் ஊரில் வேலைவாய்ப்பு பெருகும், சார்புத்தொழில்களும் வளரும். எனவே, அதனை ஈர்க்க நகரங்கள் போட்டியிடுகின்றன. 2017 செப்டம்பரில் அமெரிக்காவின் அமேசான் நிறுவனம், தன் இரண்டாவது தலைமையகத்துக்கு இடம் தேடுவதாக அறிவித்தது. 50,000 பேருக்கு வேலை, 500 கோடி டாலருக்கு மேல் முதலீடு என்று அது உறுதி கூறியது. வட அமெரிக்க நகரங்களும் வட்டாரங்களும் 238 முன்மொழிவுகளை அனுப்பின. போட்டியாளர் தருவது இன்னதென அறியாமலேயே பல நகரங்கள் சலுகைகளை உயர்த்தின. இவ்வறியாமை நிறுவனத்துக்கே ஆதாயமாயிற்று.

2018 நவம்பரில் நியூயார்க்கும் வர்ஜீனியாவின் ஆர்லிங்டனும் தேர்வாயின. நியூயார்க் அளிக்க முன்வந்த சலுகைகள் ஏறத்தாழ 300 கோடி டாலர். செல்வம் மிகுந்த நிறுவனத்துக்கு இத்துணைச் சலுகை எதற்கு, வீட்டு வாடகை உயராதா என மக்களில் ஒரு சாரார் வினவினர். எதிர்ப்பு வலுக்கவே, 2019 பிப்ரவரியில் அமேசான் அங்கிருந்து விலகியது. எதிர்பார்த்த 25,000 வேலைகள் கைநழுவின என வேறு சிலர் வருந்தினர்.

இரு சாராரின் கவலையிலும் நியாயம் உண்டு. வரிச்சலுகை என்பது பள்ளிக்கும் சாலைக்கும் பயன்படக்கூடிய வருவாயை அரசு விட்டுக்கொடுப்பதாகும். ஆகவே, பெறுவதையும் இழப்பதையும் சீர்தூக்கி, அக்கணக்கை மக்கள்முன் வைத்த பின்னரே நகரங்கள் போட்டியில் இறங்குதல் வேண்டும்.