பரணில் ஏறிய கிதார்

கரக்பூர் ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். 2024 ஜனவரியில் ஐ.ஐ.டி.யின் 'ஸ்பிரிங் ஃபெஸ்ட்' விழாவுக்கு, அங்கே படிக்கும் என் அண்ணன் பேரன் வற்புறுத்தி அழைத்துச் சென்றான். தாகூர் திறந்தவெளி அரங்கில் நல்ல குளிர். குல்லாயும் சால்வையுமாகப் படியில் உட்கார்ந்தேன்.

உள்ளூர்ப் பையன்கள் வங்காளியில் பாடினார்கள். 1975-இல் கல்கத்தாவில் 'மொஹீனேர் கோராகுலி' குழு போட்டுக்கொடுத்த பாதை அது. முதலில் வெறும் இரைச்சலாகத்தான் பட்டது. பிறகு டிரம்ஸின் தாளம் பிடிபட்டது. 13 மீட்டருக்கு ஒருமுறை, தண்டவாள இணைப்பில் சக்கரம் தட்டுமே, அதே 'டடக்-டடக்'! தண்டவாளங்களை ஒன்றோடொன்று பற்றவைத்து அந்தச் சத்தத்தை ஒழித்தவர்களில் நானும் ஒருவன்.

வீட்டிலும் ஒரு சத்தத்தை ஒழித்திருக்கிறேன். படிப்பு கெட்டுவிடும் என்று என் மகனின் கிதாரைப் பரணில் ஏற்றினேன். அவன் அதைத் திரும்பக் கேட்கவே இல்லை.

அன்றிரவே இறக்கித் துடைத்தேன். கம்பிகள் துருப்பிடித்திருந்தன. புதுக் கம்பி மாட்டி வைக்கிறேன் என்று மகனிடம் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. "வாசிக்கவே மறந்துபோச்சுப்பா" என்றான்.

அன்பர்களே, அடுத்த ஜனவரியில் நீங்களும் வாருங்கள். குல்லாய் அவசியம், காதை மட்டும் மூட வேண்டாம்.