ஒருவர் ஆட, ஒருவர் உலாவ

திருகோணமலைக் கோட்டையினுள் புள்ளிமான்கள் மேயும் பாதையிலே ஏறி, சுவாமி மலையில் கோணேசப் பெருமானை வணங்கித் திரும்பும் அன்பர் எவரும் ஒரு கணம் நின்று கடலை நோக்காது செல்வதில்லை. அங்ஙனம் நோக்குவோருக்குச் சில நாட்களில் உல்லாசக் கப்பலொன்று தொலைவில் தென்படுவதுமுண்டு. 1990 ஆம் ஆண்டில் வேறொரு பெயரோடு கடலோடத் தொடங்கிய 'எம்பிரஸ்' என்னும் கப்பல், 2023 ஆம் ஆண்டு ஜூன் 5 ஆம் திகதி சென்னையிலிருந்து இலங்கை நோக்கிப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைமுகங்களும் அப்பிரயாண ஏற்பாட்டில் இடம்பெற்றன.

இத்தகைய கப்பல்களில் நீச்சல் தடாகமும் நாடக அரங்கும் இருப்பது போலவே சூதாட்டக் கூடமும் இருக்கும். மேனாட்டுக் கடல்களிலோ, 'போக்கர்' என்னும் சீட்டாட்டத்தில் விருப்பமுடையோர் கூட்டமாகச் சேர்ந்து, நாட்கணக்கில் ஆடுவதற்கென்றே கப்பலேறுவதுமுண்டு. கணவர் ஆடுபவர், மனைவி ஆடாதவர். அல்லது மனைவி ஆடுபவர், கணவர் ஆடாதவர். இருவரும் மகிழத்தக்க பிரயாணத்தை எவ்வாறு தெரிவு செய்வது? வேடிக்கையான கேள்வி போலத் தோன்றினும், ஒரு குடும்பத்தின் சேமிப்பும் அமைதியும் இதனுள் அடங்கியிருக்கின்றன.

நம் வீட்டுத் திண்ணைகளில் ஆடப்பெறும் 'முந்நூற்றி நாலு' கூட்டாளிகளின் ஆட்டம். 32 சீட்டுகள், ஓரினத்துக்கு 76 புள்ளிகள், நான்கினத்துக்கும் சேர்த்து 304. எதிரே அமர்ந்திருப்பவர் நம்மவர். அவர் வெற்றி நம் வெற்றி. போக்கரில் கூட்டாளி இல்லை. ஒவ்வொருவரும் தமக்காகவே ஆடுகின்றனர். ஆதலால் ஆடாத துணைவருக்கு அம்மேசையருகே ஓர் இடமும் இல்லை. பாரதத்திலே பகடையைத் தொடாத பாஞ்சாலியே சபை நடுவே நின்றாள். நளன் நாடிழந்தபோது, ஆடாத தமயந்தியே கானகத்தில் தனித்து விடப்பட்டாள். ஆடுபவர் இழப்பதில் ஆடாதவருக்கும் பங்குண்டு. எனவே தெரிவையும் ஆடாதவரிலிருந்தே தொடங்குதல் முறையாகும்.

முதலாவதாக, துறைமுகங்களை எண்ணுக. கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது சூதாட்டக் கூடம் பெரும்பாலும் பூட்டப்பட்டிருக்கும். ஒரு நாட்டின் கடலெல்லை கரையிலிருந்து 12 கடல் மைல். அதாவது ஏறத்தாழ 22 கிலோமீற்றர். அவ்வெல்லையைத் தாண்டிய பின்னரே கூடத்தைத் திறப்பது பொது வழக்கம். ஆகவே நடுக்கடல் நாட்கள் ஆடுபவருக்குரியன. துறைமுக நாட்கள் இருவருக்கும் உரியன. துறைமுகமே தொடாது கடலைச் சுற்றிவரும் கப்பல், ஆடாதவருக்கு மிதக்கும் சிறையாகிவிடக்கூடும்.

இரண்டாவதாக, ஆட்டத்தின் வகையை அறிக. போட்டி முறையில் நுழைவுக் கட்டணம் முன்கூட்டியே தெரியும். மீண்டும் பணங்கட்டி நுழைய இடமில்லையெனில் அதற்கு மேல் இழப்பில்லை. ஆனால் தோற்று வெளியேறும் வரை எழுந்திருக்க இயலாது. இராப்போசனத்துக்குக் காத்திருக்கும் துணைவர் காத்தே இருக்க வேண்டியதுதான். பணமேசை ஆட்டத்திலோ எப்பொழுது வேண்டுமானாலும் எழலாம். ஆனால் இழப்புக்கு எல்லையில்லை. ஒன்று பணத்துக்கு வேலியிட்டு நேரத்தைத் தின்னும். மற்றையது நேரத்தை விட்டுக்கொடுத்துப் பணத்தைத் தின்னும். எதனை இழக்கச் சம்மதம் என்பதை இருவரும் சேர்ந்தே தீர்மானித்தல் வேண்டும்.

மூன்றாவதாக, கணக்கைப் பாருங்கள். மாணவர்களும் இதனைக் கவனித்தல் நன்று. ஒற்றைப் பூச்சியமுள்ள சுழல்வட்ட ஆட்டத்தில் 37 எண்கள் உள்ளன; ஓரெண்ணில் வென்றவர்க்கு 35 மடங்கே கிடைக்கும். அதனால் வைக்கும் ஒவ்வொரு நூறு ரூபாவிலும் சராசரியாக 2 ரூபா 70 சதம் கூடத்துக்கே போகிறது. போக்கரில் ஆடுவோர் தம்முள்ளேயே பொருதுகின்றனர். எனினும் மேசைக்காரர் தம் பங்கை எடுத்துக்கொள்வதால், ஆடுவோர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் இழப்பே மிஞ்சும். ஆகவே, இழந்தாலும் இல்லம் வாடாத ஒரு தொகையைப் புறப்படுமுன்பே ஓர் உறையில் இட்டுவிடுக. பல கப்பல்களில் எல்லாச் செலவும் அறைக் கணக்கிலேயே எழுதப்படும். அக்கணக்கைச் சூதாட்டக் கூடத்துக்குத் திறந்துவிடாதிருத்தல் அறிவுடைமை.

நான்காவதாக, பருவத்தை நோக்குக. மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலைக் கடல் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாரிகாலத்தில் அலை கொந்தளிக்கும். சீட்டில் மனம் ஒன்றியவருக்கு அலை தெரியாதிருக்கலாம். அறையிலே தனித்துக் கிடப்பவருக்கு நன்றாகவே தெரியும்.

நிற்க. கப்பல் திருகோணமலையை அடைந்த நாளை எவ்வாறு கழிப்பது? கோணேசர் ஆலயமும் கோட்டையும் காலைப் பொழுதுக்குப் போதும். இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கினான் என்று கூறப்படும் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் தொலைவிலில்லை. நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவின் பவளப் பாறைகளைக் காணப் படகேற வேண்டும்; அத்தீவு 2003 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. ஒரே பகலில் மூன்றுக்கும் ஓடுவதைவிட, இரண்டை ஆறுதலாகப் பார்ப்பதே சிறப்பு.

ஆனால் இத்தனையும் வீணாகும் வழி ஒன்றுண்டு. முதல்நாள் இரவு விடியுமட்டும் ஆடியவர், மறுநாள் நண்பகல்வரை உறங்குவார். துணைவர் தனியே மலையேறித் தனியே திரும்புவார். மாலையில் கப்பல் புறப்பட்டுவிடும். ஆதலின், துறைமுகத்துக்கு முந்திய இரவில் ஆட்டம் இத்தனை மணிக்கு முடியும் என்று இருவரும் புறப்படுமுன்பே பேசி வைத்தல் இன்றியமையாதது. வென்றுகொண்டிருந்தாலும் எழவேண்டும், தோற்றுக்கொண்டிருந்தால் கட்டாயம் எழவேண்டும்.

இவ்வுடன்பாட்டுக்கு இணங்குபவர் தாராளமாகச் சீட்டு வாங்கலாம்; கப்பலுக்கும் வாங்கலாம், மேசைக்கும் வாங்கலாம். இணங்க மனம் வராதவரோ, வீட்டுத் திண்ணையில் இல்லாளையே கூட்டாளியாகக் கொண்டு முந்நூற்றி நாலு ஆடுவதே மேல்.